பழைய காரின் மூச்சுக் குழல்

மனிதனுக்கு வயதாகிவிட்டது என்பதை முதன் முதலில் தெரிவிப்பது முழங்கால் என்று சொல்வார்கள். மோட்டார் காருக்கு வயதாகிவிட்டது என்பதைப் பெரும்பாலும் அதன் மூச்சுத்தான் தெரிவிக்கிறது. விடியற்காலையில் வண்டியைக் கிளப்பியதும் பானெட்டுக்கு அடியிலிருந்து 'டிக், டிக், டிக்' என்று பல்லி சொல்வது போல் ஒரு சத்தம் எழும். ஐந்து நிமிஷம் ஓடியதும் அது அடங்கிவிடும். "சூடேறினால் எல்லாம் சரியாய்ப் போய்விடுகிறது" என்று வீட்டுக்காரரும் திருப்தி அடைந்துவிடுவார். பல்லி சகுனத்தைப் பற்றி எனக்கு விசேஷமான அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. ஆனால் இந்தப் பல்லி சொல்லும் பலனை மட்டும் அலட்சியம் செய்யலாகாது. குடும்பத்தோடு பழைய காரில் பிரயாணம் செய்பவர்கள் யாவரும் அதன் அர்த்தத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

திண்டுக்கல்லில் இன்னமும் பழைய கார்களுக்குப் பஞ்சமில்லை. மலைக்கோட்டையின் அடிவாரத் தெருக்களிலும், நத்தம், வேடசந்தூர் சாலையோரத்துத் தோட்ட வீடுகளிலும், வேப்ப மரத்தடியிலோ தகரக் கொட்டகையிலோ ஓர் அம்பாஸடர் கார் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். அப்பா வாங்கியது, அல்லது தாத்தா வாங்கியது. அதில்தான் மாப்பிள்ளை அழைப்பு நடந்தது; அதில்தான் குழந்தையைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். விற்கவும் மனம் வராது. செலவு செய்யவும் கை வராது. இத்தகைய வண்டிகளையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் உத்தேசித்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

குடும்பத்துப் பெரியவர்

அம்பாஸடரின் வரலாறு நம் தேசத் தொழிலின் வரலாறோடு பின்னிக் கிடப்பது. 1942-ல் பிர்லா குடும்பத்தினர் குஜராத்தில் ஓகா துறைமுகத்தருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1948-ல் அது வங்காளத்து உத்தர்பாராவுக்குக் குடிபெயர்ந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது வரிசைக் காரை ஆதாரமாகக் கொண்டு, 1957-ல் அம்பாஸடர் உருவாயிற்று. சில வருஷங்களுக்குள் அதற்கு 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, வால்வுகள் மேலே அமைந்த எஞ்சின் வாய்த்தது. அதிலிருந்து பல பத்தாண்டுகள் மந்திரிகளையும் கலெக்டர்களையும் கல்யாண கோஷ்டிகளையும் அந்த எஞ்சின்தான் இழுத்துச் சென்றது. 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் உத்தர்பாராத் தொழிற்சாலையில் வேலை நின்றது. தொழிற்சாலை நின்றாலும் வண்டிகள் நிற்கவில்லை. அவற்றைப் பிழைக்க வைக்கும் பொறுப்பு இப்போது நம் ஊர்ப் பட்டறைகளின் தலையில் விழுந்திருக்கிறது.

ஐந்து வாய், ஒரு பக்கம்

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. எரிந்து மிஞ்சிய புகை வெளியே போக வேண்டும். நான்கு ஸிலிண்டர்களின் புகையையும் ஒன்று சேர்த்துச் சைலன்ஸர் குழாயில் கொண்டு விடுகிற வார்ப்பிரும்புக் குழலைத்தான் பட்டறைக்காரர்கள் 'மேனிபோல்டு' என்கிறார்கள். இதுவே காரின் மூச்சுக் குழல்.

அம்பாஸடரின் பழைய எஞ்சினில் ஒரு விசேஷம் உண்டு. மூச்சை இழுக்கும் வாய்களும் விடும் வாய்களும் 'ஹெட்'டின் ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. நான்கு ஸிலிண்டர்களுக்கு எட்டு வாய்கள் இருக்க வேண்டுமல்லவா? இருப்பதோ ஐந்துதான். முதல் ஸிலிண்டருக்கும் கடைசி ஸிலிண்டருக்கும் புகை விடத் தனித்தனி வாய். நடுவிலுள்ள இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாய். உள்ளே இழுப்பதற்கு இரண்டிரண்டு ஸிலிண்டருக்கு ஒரு வாய். கூட்டுக் குடும்பத்தில் எட்டுப் பேர் ஐந்து அறையில் காலம் தள்ளுவது போலத்தான்.

மேலும், கலவையை உள்ளே கொண்டுவரும் அலுமினியக் குழல், புகையை வெளியேற்றும் இரும்புக் குழலின் முதுகின் மேல் போல்ட்டினால் பிணைக்கப்பட்டிருக்கிறது. குளிர் நாட்டில் பெட்ரோல் ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாய் நின்றுவிடும்; ஆகையால் புகையின் சூட்டினால் அதைக் காய்ச்சுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. இரு குழல்களையும் ஹெட்டோடு சேர்த்து இறுக்குவதற்கு ஒரே ஸ்டட்டுகள்தாம். ஒவ்வொரு கனத்த வாஷரும் ஒரு பக்கம் இரும்புக் குழலின் காதையும், மறு பக்கம் அலுமினியக் குழலின் காதையும் அமுக்கிப் பிடிக்கிறது. ஒரு காது சற்றுத் தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருந்துவிட்டால் வாஷர் சாய்ந்துகொள்ளும். மெலிந்த பக்கத்தில் பிடி தளர்ந்துவிடும். இந்தச் சின்ன விஷயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதித் தொந்தரவு இங்கேதான் பிறக்கிறது.

இரும்பும் ஏன் விரிகிறது?

வேகமாக ஓடும்போது புகையின் உஷ்ணம் 700 டிகிரி சென்டிகிரேடைக்கூட எட்டும். முக்கால் முழ நீளமுள்ள இரும்புக் குழல் 500 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளுகிறது. ஆறினால் பழையபடி சுருங்குகிறது. எதிரே இருக்கும் ஹெட்டோ தண்ணீர் ஓடிக் குளிர்ந்துகொண்டிருப்பதால் அவ்வளவு நீளுவதில்லை. ஆகவே, ஒவ்வொரு பிரயாணத்திலும் குழல் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு போராடுகிறது. நாற்பது வருஷம் இப்படிப் போராடினால் இரும்பும் களைத்துவிடாதா? நடுவில் விரிசல் காணும், ஓரங்கள் வில்லாய் வளையும், ஸ்டட்டுகள் முறியும், இடையிலுள்ள பேக்கிங் கருகிப் போகும்.

மலையிலிருந்து இறங்கி வந்த வண்டியை நிறுத்தின கையோடு, எஞ்சின் மேல் வாளி வாளியாய்த் தண்ணீர் கொட்டிக் கழுவுகிற வழக்கம் சிலரிடம் உண்டு. வார்ப்பிரும்பின் ஆயுளைக் குறைக்க இதைவிடச் சிறந்த உபாயம் கிடையாது. காய்ந்த இரும்பு தோசைக்கல்லில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதை வீட்டிலுள்ள பெண்மணிகள் அறிவார்கள்.

இனி, அந்தப் பல்லிச் சத்தத்தின் ரகசியம் விளங்கும். குளிர்ந்திருக்கையில் இடுக்கு வழியே புகை பீறிடுகிறது. அதுவே 'டிக் டிக்.' சூடேறியதும் இரும்பு விரிந்து இடுக்கை ஓரளவு அடைத்துக்கொள்கிறது. சத்தம் நின்றது என்பதனால் கசிவு நின்றுவிட்டதாக அர்த்தமாகாது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

கசிந்தால் என்ன, கொஞ்சம் சத்தம், கொஞ்சம் பெட்ரோல் நஷ்டம், அவ்வளவுதானே என்று கேட்கலாம். அவ்வளவுதான் என்றால் இக்கட்டுரைக்கு அவசியமே இல்லை.

பழைய காரின் புகையில் கார்பன் மானாக்ஸைட் என்னும் வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹிமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் அதிக ஆசையுடன் இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார் 1857-லேயே இந்த உண்மையை ஆராய்ந்து வெளியிட்டார். சுவாசிக்கும் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இது கலந்திருந்தாலும், ஓரிரண்டு மணி நேரத்தில் மனிதன் நினைவிழந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த வாயுவைக் கண்டுபிடிக்கக் கானரிப் பறவைகளைக் கூண்டில் கொண்டுபோவார்கள். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரையில் இந்த வழக்கம் நீடித்தது. சின்ன உயிரை விஷம் சீக்கிரம் தாக்கும். காரின் பின் ஆசனத்தில் மடியில் தூங்கும் குழந்தையும் சின்ன உயிர்தான் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதே வாயு ஒரு காலத்தில் நம் நாட்டு மோட்டார்களுக்கு அன்னமிட்டது என்பது வேடிக்கையான செய்தி. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் திண்டாடின. அப்போது மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் ஸ்தாபனத்தார் கரி காஸ் யந்திரம் செய்து கொடுத்தார்கள். பஸ்ஸோடு பொருத்திய அடுப்பில் மரக்கரியைப் புகைய விட்டு, அதிலிருந்து வரும் வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தினார்கள். அந்த வாயுவில் சுமார் கால் பங்கு கார்பன் மானாக்ஸைட்தான். ஐயங்காரின் புதல்வியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவருடைய கணவர் ஜி. ராமசந்திரனும் 1947-ல் நம் திண்டுக்கல்லுக்கு அருகே காந்தி கிராமத்தை நிறுவினார்கள் என்பதை இங்கே நினைவு கூர்வது பொருத்தமாயிருக்கும். எஞ்சினுக்குள் சென்றால் உபயோகம். நம் மூச்சுக்குள் சென்றால் யமன். நெருப்பைப் போலவே இந்த வாயுவுக்கும் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு.

மேனிபோல்டில் விரிசல் கண்டால், புகை பானெட்டுக்கு அடியில் தங்கி, பெடல்களும் ஒயர்களும் நுழையும் துவாரங்கள் வழியாகக் காருக்குள்ளே புகுகிறது. ஜன்னல்கள் திறந்திருந்தால் ஆபத்து ஓரளவு குறையலாம். மழையிலோ மலைக் குளிரிலோ கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் ஆபத்து அதிகம்.

திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாகச் செல்லும் பிரயாணத்தை நினைத்துப் பாருங்கள். சமவெளியில் வெயில், ஜன்னல் திறந்திருக்கும். மலைப் பாதையில் ஏற ஏற எஞ்சின் சிறிய கியரில் முழு மூச்சோடு உழைக்கும். மேனிபோல்டு செக்கச் சிவந்துவிடும். 7,000 அடி உயரத்தை நெருங்க நெருங்கக் காற்று இலேசாகிறது. கார்புரேட்டருக்கோ அது தெரியாது. வழக்கமான அளவு பெட்ரோலையே விட்டுக்கொண்டிருக்கும். அதனால் கலவை கெட்டியாகி, விஷ வாயு முன்னிலும் அதிகமாக உற்பத்தியாகும். சரியாக அந்தச் சமயம் பார்த்து, "குளிருகிறது, கண்ணாடியை ஏற்று" என்று பாட்டி சொல்வாள். சற்று நேரத்தில் ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்குக் குமட்டல், குழந்தைகளுக்குத் தூக்கம். 'மலைப் பாதையில் தலை சுற்றுவது சகஜந்தான்' என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதைதான். வளைவினால் வரும் மயக்கம் வேறு, வாயுவினால் வரும் மயக்கம் வேறு. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்தால் சந்தேகிக்க வேண்டும். உடனே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரையும் வெளிக் காற்றில் உட்கார வையுங்கள். யாருக்காவது நினைவு தடுமாறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிராணவாயு கொடுக்கச் செய்ய வேண்டும்.

வீட்டிலேயே சோதனை

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரவெல்லாம் ஆறிய எஞ்சினைக் காலையில், வெட்ட வெளியில் வைத்துக் கிளப்புங்கள். கதவடைத்த கொட்டகைக்குள் மட்டும் ஒருபோதும் கிளப்பாதீர்கள். ஒருவர் தடித்த ஈரத் துணியால் பின்புறத்துச் சைலன்ஸர் வாயை இரண்டு மூன்று விநாடி அடைக்கட்டும். மேனிபோல்டு பக்கமிருந்து 'உஸ்' என்று சத்தம் வந்தால் கசிவு நிச்சயம். எஞ்சினை அணைத்த பிறகு, சேர்மானங்களில் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ கரி கோடு போட்டிருக்கிறதா என்று டார்ச் விளக்கால் பாருங்கள். திருடன் விட்டுப் போன கால் தடம் அது.

பட்டறையில் நடக்க வேண்டியது

விரிசலை வெல்டிங் செய்தால் போதாதா என்று கேட்பது இயல்பு. வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது முடியாத காரியமல்ல. குழல் முழுவதையும் முதலில் நன்றாகக் காய்ச்சி, நிக்கல் கலந்த குச்சியால் சிறிது சிறிதாக ஒட்டி, பிறகு சாம்பலுக்குள்ளோ மணலுக்குள்ளோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஒட்டினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். கிழிந்த பழம்புடவைக்குப் போடும் ஒட்டுத் துணியைப் போலத்தான். ஆகையால் நல்ல குழல் கிடைக்கும் வரையில் மாற்றுவதே மேல். அம்பாஸடர் சாமான் கடைகளிலும், சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளிலும் தேடினால் அகப்படாமல் போகாது.

மாற்றும் வேலையில் முதல் கண்டம் துருப் பிடித்த நட்டுகள். முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறப் போட வேண்டும். மறு நாள் ஸ்பானர் பிடித்ததும் பலங்கொண்ட மட்டும் திருகாமல், கொஞ்சம் கழற்றிக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். அனுபவமுள்ள மேஸ்திரிகளுக்கு இது கைவந்த கலை. "அவசரப்பட்டா ஸ்டட்டு முறிஞ்சுடும் ஸார். அப்புறம் அரை மணி வேலை அரை நாள் ஆயிடும்" என்று அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை.

பாட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோல் குழாயின் வாயை அடைத்து, கார்புரேட்டரை எடுத்துவிட்டால் இரு குழல்களும் வெளியே வந்துவிடும். ஹெட்டில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை உலர்ந்தபடியே சுரண்டக்கூடாது. பழைய பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குப் பரம சத்துரு. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கை மூடிக்கொண்டே எடுக்க வேண்டும்.

அடுத்ததுதான் மிக முக்கியம். புதிய குழலானாலும் சரி, பழைய குழலானாலும் சரி, அதன் முகத்தில் நேரான இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் ஒரு போஸ்டு கார்டு நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது என்று பொருள். அப்போது இரும்புக் குழலையும் அலுமினியக் குழலையும் ஒன்றாய்ப் பிணைத்து, இரண்டையும் ஒரே தடவையில் மில்லிங் யந்திரத்தில் சமன்படுத்த வேண்டும். காதுகளின் கனத்தைப் பற்றி முன்னே சொன்னேனே, அந்தத் தகராறும் அப்போதுதான் தீரும். பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன ஊர் நம்முடையது. திண்டுக்கல் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் அரத்தைக் கையில் பிடித்து மயிரிழை கணக்காய் இரும்பைத் தேய்க்கத் தெரிந்த தொழிலாளர்களின் பரம்பரை இருக்கிறது. அந்தப் பொறுமைதான் இந்த வேலைக்கும் வேண்டும்.

புதிய ஸ்டட்டுகளில் பித்தளை நட்டுகளையே போட வேண்டும்; பித்தளை துருவேறி இரும்போடு ஒட்டிக்கொள்ளாது. குழல்கள் இரண்டையும் பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்வாய் வைத்து, முதலில் ஹெட்டோடு இலேசாக இறுக்கி, பிறகு அந்த போல்ட்டுகளை இறுக்கி, கடைசியில் நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் போய்க்கொண்டு எல்லா நட்டுகளையும் சமமாக இறுக்க வேண்டும். சுமார் 15 அடி-பவுண்டு பலம் போதுமானது. எஞ்சினை ஒரு தடவை நன்றாய்ச் சூடேற்றி, முழுவதும் ஆறிய பிறகு மறுபடியும் ஒரு முறை இறுக்குவது அவசியம். இந்த இரண்டாம் இறுக்கத்தைச் செய்யாமல் விட்டால் ஆறு மாதத்தில் பல்லி மறுபடியும் பேசும்.

உயர்ந்ததாய் மாற்றலாமா?

எடுத்ததுதான் எடுத்தோம், இன்னும் உயர்ந்த குழலாகப் போட்டால் என்ன என்ற சபலம் இந்தச் சமயத்தில் தோன்றும். வார்ப்பிரும்புக்குப் பதிலாக எஃகுக் குழாய்களை வளைத்து ஒட்டிச் செய்த மேனிபோல்டு போட்டால் வண்டி பறக்கும் என்று இளைஞர்கள் சொல்வார்கள். அதில் எவ்வளவு உண்மை?

விஷயம் முழுக்கப் பொய்யல்ல. இந்த எஞ்சினில் ஸிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1, 3, 4, 2. நடு வாயைப் பங்கிட்டுக்கொள்ளும் 2-ம் 3-ம் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வெடிக்கின்றன. அதுபோலவே 1-ம் 4-ம். ஆகையால் ஓரத்துக் குழாய்கள் இரண்டையும் முதலில் சேர்த்து, நடுக் குழாயைத் தனியே நீளமாய்க் கொண்டுபோய் அப்புறம் சேர்த்தால், ஒருவர் மூச்சு இன்னொருவர் மூச்சை இடிக்காது. முன்னே போன புகை, பின்னே வருவதை இழுத்துக்கொண்டும் போகும்.

ஆயினும், இங்கிலாந்தில் 1955-ல் வெளிவந்த எம். ஜி. ஏ. என்னும் பந்தயக் காரைப் பாருங்கள். அதற்கும் இதே 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின்தான். ஆனால் சுமார் 70 குதிரைச் சக்தி. நம் அம்பாஸடருக்கோ 50 குதிரைக்கு மேல் சொல்வதற்கில்லை. அந்த இருபது குதிரைகளும் மேனிபோல்டிலிருந்து மட்டும் வந்துவிடவில்லை. இரண்டு கார்புரேட்டர், அதிக அழுத்தம், வேறு வால்வுகள் எல்லாம் கூடிச் செய்த வேலை அது. மற்றதெல்லாம் பழையபடி இருக்க, குழலை மட்டும் மாற்றுவது, ஒற்றை மாட்டு வண்டிக்கு வெள்ளிக் குஞ்சலம் கட்டுவது போலத்தான்.

எஃகுக் குழாயின் தீமைகளையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிய சுவர் வழியே சூடும் சத்தமும் அதிகமாய் வெளிப்படும். திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில், பானெட்டுக்குள் மேலும் சூடேறினால் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து வண்டி நின்றுவிடும். 2025 முதல் நாட்டின் பெரும்பாலான பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே விற்கப்படுவதால் பழைய கார்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். குழாயைச் சூடு தாங்கும் நாடாவினால் சுற்றினால் ஈரம் தங்கி, சாதாரண எஃகு துருவேறும். கலவைக் குழலைக் காய்ச்சும் ஏற்பாடும் போய்விடும்; சமவெளியில் அது இல்லாமலே சமாளிக்கலாம், கொடைக்கானல் காலைக் குளிரில் எஞ்சின் தும்மிக்கொண்டே இருக்கும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைத் தயாரித்த கம்பெனியின் குறிப்புகளுக்கு மாறாகத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. மாறுதல் செய்யுமுன் போக்குவரத்து ஆபீஸில் விசாரித்துக்கொள்வது நல்லது. பதினைந்து வயது கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், அந்தப் படியேறித்தான் ஆக வேண்டும்.

முடிவாக ஒரு யோசனை

பந்தயத்துக்குப் போகாத, பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற குடும்ப வண்டிக்கு என் யோசனை இதுதான். பழைய மாதிரியான நல்ல வார்ப்பிரும்புக் குழலையே போடுங்கள். உயர்த்துவதற்கு இருக்கும் பணத்தை அதன் முகத்தைச் சமன்படுத்துவதிலும், புது ஸ்டட்டிலும், பித்தளை நட்டிலும், நல்ல பேக்கிங்கிலும் செலவிடுங்கள். உட்புறத்து வாய்களை ஹெட்டின் வாய்களோடு சரியாகப் பொருந்தும்படி தேய்த்துவிடச் சொல்லுங்கள். எஞ்சினின் மூச்சு தாராளமாய் ஓட அதுவே உதவும். கால் வைக்கும் இடத்துத் துவாரங்களின் ரப்பர்களையும் மறக்காமல் மாற்றுங்கள். விலையோ அற்பம், காப்பதோ உயிர்.

அடுத்த மலைப் பிரயாணத்துக்கு நாள் குறிக்குமுன், ஒரு நாள் விடியற்காலையில் பானெட்டைத் திறந்து வைத்து, எஞ்சினைக் கிளப்பி, ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். பல்லி பேசினால் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டாம், பட்டறைக்குப் போங்கள்.